துடைப்பத்திலிருந்து கோட்டைக்கு: தார் பாலைவன அருங்காட்சியகங்களைப் பார்க்கும் வழி

ஜோத்பூர் நகரை விட்டு வெளியே வந்து மோக்லாவாஸ் என்ற கிராமத்தை நோக்கிப் போனால், கல் வெட்டியெடுத்துவிட்டுக் கைவிட்ட சுரங்கப் பள்ளம் ஒன்றின் ஓரத்தில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. பெயர் அர்ணா ஜர்ணா. காடும் சுனையும் என்று பொருள். வாள், கேடயம், பல்லக்கு, வெள்ளி நாற்காலி எதுவும் அங்கே கிடையாது. உள்ளே போனால் சுவரில் சாய்ந்தும் உத்தரத்தில் தொங்கியும் வரிசையாக நிற்பவை துடைப்பங்கள். ராஜஸ்தானின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து சேகரித்த துடைப்பங்கள் நூற்றுக்கும் மேல்.

முதன்முறை கேட்பவர்கள் சிரித்துவிடுவார்கள். தார் பாலைவனத்தின் வரலாற்றைப் பார்க்கக் கிளம்பும் எவரையும் நான் முதலில் அனுப்ப விரும்பும் இடம் இதுதான்.

இதை உருவாக்கியவர் கோமல் கோத்தாரி. 1960இல் எழுத்தாளர் விஜய்தான் தேத்தாவோடு சேர்ந்து போருந்தா கிராமத்தில் ரூபாயன் சன்ஸ்தான் என்ற அமைப்பைத் தொடங்கி, ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தவர். லாங்கா, மாங்கணியார் இசைக் குடும்பங்களை உலக மேடைக்குக் கொண்டுசென்றதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 2004இல் மறைந்தார். ராஜஸ்தானை அரச வம்சங்களை வைத்துப் பிரிக்காமல், மக்கள் என்ன தானியம் தின்கிறார்கள் என்பதை வைத்துப் பிரித்துப் பார்த்தவர் அவர். கம்பு தின்னும் நிலம், சோளம் தின்னும் நிலம், மக்காச்சோளம் தின்னும் நிலம் என்று மூன்று. தானியம் மாறும்போது மண் மாறுகிறது, பாட்டு மாறுகிறது, கும்பிடும் சாமி மாறுகிறது. அந்தப் பார்வையின் தொடர்ச்சிதான் துடைப்பம்.

எல்லா வீட்டிலும் இருப்பது, தேய்ந்ததும் எறியப்படுவது, யாருமே பத்திரப்படுத்தாதது துடைப்பம். அதைக் கையில் எடுத்தால் அந்த ஊரில் என்ன புல் வளர்கிறது, அதை யார் அறுக்கிறார்கள், யார் கட்டுகிறார்கள், எந்தச் சாதியார் விற்கிறார்கள், யார் கையில் அது வந்து சேர்கிறது என்று ஒரு சமூகத்தையே பிரித்துப் பார்த்துவிடலாம். வீட்டுக்குள் பெருக்க மெல்லிய புல்லால் கட்டியது ஒன்று, முற்றத்துக்கும் தொழுவத்துக்கும் முரட்டுக் குச்சியால் கட்டியது இன்னொன்று. உள்ளே பெருக்குவது லட்சுமி. அதைக் காலால் மிதிக்கக் கூடாது, வருகிறவர் கண்ணில் படும்படி வைக்கக் கூடாது, அந்தி சாய்ந்தபின் பெருக்கக் கூடாது. வாசலுக்கு ஈர்க்குமாறும் கூடத்துக்குப் பூந்துடைப்பமும் வைத்து, விளக்கு வைத்த பிறகு வீடு கூட்டாதே என்று அதட்டிய பாட்டியிடம் வளர்ந்தவர்களுக்கு இதற்கு உரை தேவையில்லை. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், மொழியும் மண்ணும் மாறிய ஊரில், அதே அதட்டல்.

கோட்டைக்கு முன்பு இங்கே வரச் சொல்வதற்குக் காரணம், கண் பழகிக்கொள்ளும் என்பதுதான். முதலில் மெஹ்ரான்கர் கோட்டைக்குப் போய் அம்பாரிகளையும் தங்கப் பூச்சையும் பார்த்துவிட்டால், பிறகு ஒரு மண்குடத்தின் முன்னால் ஐந்து நிமிடம் நிற்கக் கண்ணுக்குப் பொறுமை இருக்காது. துடைப்பத்தைப் பார்த்துவிட்டுப் போனால், கோட்டைக்குள்ளும் கேள்விகள் வேறாக வரும். இதை யார் செய்தார்கள், எந்தப் பொருளில் செய்தார்கள், எல்லாவற்றுக்கும் மேலாக, இதற்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

மெஹ்ரான்கரையே எடுத்துக்கொள்வோம். 1459இல் ராவ் ஜோதா கட்டத் தொடங்கியது. 1972இல் அறக்கட்டளை ஒன்றின் பொறுப்பில் வந்து, இன்று நாட்டிலேயே செம்மையாகப் பேணப்படும் கோட்டை அருங்காட்சியகங்களில் ஒன்றாக இருக்கிறது. 1730இல் குஜராத்தின் ஆளுநரை வென்று கொண்டுவந்த பல்லக்கின் முன்னால் கூட்டம் மொய்க்கிறது. அதைப் பற்றிச் சொல்ல ஒலிவழிகாட்டிக் கருவி இருக்கிறது. ஆனால் அந்தக் குன்றின் கதை தண்ணீரில் தொடங்குகிறது. குன்றில் வாழ்ந்த சீரியா நாத்ஜி என்ற துறவியைக் கிளப்பிவிட்டுக் கோட்டை எழுந்தது என்றும், அவர் போகும்போது ‘உன் கோட்டைக்குத் தண்ணீர்ப் பஞ்சம் தீராது’ என்று சபித்தார் என்றும் ஜோத்பூரில் சொல்கிறார்கள். கோட்டையின் அடிவாரத்தில் இருக்கும் ராணிசர் ஏரியை வெட்டுவித்தவர் ஜோதாவின் அரசி. நகருக்குள் இருக்கும் தூர்ஜி கா ஜால்ரா என்ற படிக்கிணறும் 18ஆம் நூற்றாண்டு அரசி ஒருவரின் கொடை. குப்பையும் கழிவும் மண்டிக் கிடந்த அந்தக் கிணற்றை அண்மை ஆண்டுகளில்தான் தூர்வாரினார்கள். வெளிவந்த செங்கல்நிறப் படிகளில் இன்று பிள்ளைகள் குதித்து நீந்துகிறார்கள்.

கோட்டையின் ‘லோஹா போல்’ என்ற வாயிலில் சிறிய கைத்தடங்கள் சில வரிசையாக இருக்கின்றன. கணவனின் சிதையில் ஏறப் புறப்பட்ட அரச குடும்பத்துப் பெண்கள் கடைசியாக விட்டுச்சென்ற தடங்கள். வெள்ளித் தகடும் குங்குமமும் பூசியிருப்பதால் தூரத்திலிருந்து அலங்காரம்போலத் தெரியும். அருகே போனால் ஒவ்வொன்றும் வேறு வேறு அளவு. சில, சின்னப் பெண்ணின் கை. கோட்டைக்குள் பெண்களின் சுவடு எங்கே என்று தேடினால் இந்தச் சுவரிலும் அந்தக் குளங்களிலும்தான் கிடைக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும்.

கோட்டையை ஒட்டி ராவ் ஜோதா பாலைவனப் பாறைப் பூங்கா இருக்கிறது. 70 ஹெக்டேர். 2006இல் பணி தொடங்கியபோது அந்தப் பாறைநிலம் முழுவதையும் மூடியிருந்தது சீமைக் கருவேலம். ஆம், ராமநாதபுரத்துக் கண்மாய்களை விழுங்கிய அதே மரம். அங்கே அதை பாவ்லியா, அதாவது பைத்தியக்கார மரம் என்கிறார்கள். வெட்டினால் தழைத்தது, தீ வைத்தாலும் தழைத்தது. எரிமலைப் பாறையின் வெடிப்புக்குள் வேர் இறங்கியிருந்ததால் இயந்திரத்துக்கும் அசையவில்லை. கடைசியில் கைகொடுத்தவர்கள் கந்த்வாலியா என்ற பரம்பரைக் கல் வெட்டும் தொழிலாளர்கள். சுத்தியலால் தட்டி, எழும் ஓசையைக் கேட்டே பாறையின் உள்வாட்டம் அறிந்து, உளியால் குடைந்து வேரோடு எடுத்தார்கள். வெறுமையான அந்தக் குழிகளில் தார் மண்ணுக்கே உரிய புல்லும் புதரும் நட்டார்கள். இதுவும் ஓர் அருங்காட்சியகமே. காட்சிப்பொருள்கள் வளர்கின்றன என்பதுதான் வேறுபாடு.

பிகானேரில் ஒரே ஓர் அறைக்காகவாவது ஜூனாகர் கோட்டைக்குப் போகலாம். பாதல் மகால், மேக மாளிகை. சுவர் முழுக்க நீலம். அதில் சுருள்சுருளாக வெண்மேகம், நடுவே பாம்புபோல் நெளியும் மின்னல், கீழே கோடு கோடாக இறங்கும் மழை. மழையைக் காணாத ஊரில் மழையைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். அரச வீட்டுக் குழந்தைகள் மழை வரும்போது மிரளாமலிருக்க வரைந்தது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். அது கதையாகவே இருக்கட்டும், சொல்லத் தோன்றிய மனத்தில் உண்மை இருக்கிறது. அதே கோட்டையில் முதல் உலகப்போர் விமானம் ஒன்றும் இருக்கிறது. மகாராஜா கங்கா சிங்குக்கு ஆங்கிலேயர் தந்தது. பார்வையாளர்கள் அங்கேதான் அதிக நேரம் நிற்கிறார்கள். நான் மேகத்தின் பக்கம்.

பிகானேருக்கு வடக்கே, பாலைவனத்தின் விளிம்பில், காளிபங்கன். 1960 முதல் 1969 வரை பி.பி. லாலும் பி.கே. தாப்பரும் அகழ்ந்த சிந்துவெளிக் காலத்து ஊர். அங்கே கிடைத்ததிலேயே அரியது ஓர் உழுத வயல். சுமார் 4,800 ஆண்டுகளுக்கு முன் ஏர் ஓட்டிய சால்கள், குறுக்கும் நெடுக்குமாக, அப்படியே மண்ணில் பதிந்திருந்தன. ஒரு திசையில் நெருக்கமாக, இன்னொரு திசையில் அகலமாக. அகழ்ந்தவர்கள் தலையை உயர்த்திப் பார்த்தபோது, பக்கத்து நிலத்தில் உழவர்கள் அதே முறையில்தான் உழுதுகொண்டிருந்தார்கள்: நெருக்கமான சாலில் கொள்ளு, அகலமான சாலில் கடுகு. உயரமான கடுகின் நிழல் கொள்ளின்மேல் விழாதபடி கணக்கிட்ட ஏற்பாடு. பழைய வயலைப் பாதுகாப்புக்காக மீண்டும் மண்ணிட்டு மூடிவிட்டார்கள். 1983இல் திறந்த அருங்காட்சியகத்தில் பானைகளும் வளையல்களும் முத்திரைகளும் இருக்கின்றன. பார்த்துவிட்டு வெளியே வந்து சாலையோர வயலைக் கொஞ்ச நேரம் பார்த்தால்தான் காட்சி முழுமையாகிறது.

ஜெய்சல்மேருக்கு வருவோம். சொல்ல நிறைய இருக்கும் ஊர் இதுதான்.

சென்னைக்கு ஆண்டுக்கு 1,400 மில்லிமீட்டர் அளவுக்கு மழை. ஜெய்சல்மேருக்கு 200 மில்லிமீட்டர்கூட எட்டுவதில்லை. அந்த ஊரில் 1156இல் ராவல் ஜெய்சல் ஒரு கோட்டை கட்டி, அதைச் சுற்றி ஒட்டக வணிகத்தால் கொழித்த ஒரு நகரமே வளர்ந்தது என்றால் நீரை எப்படிக் கையாண்டார்கள்? விடையின் பாதி கோட்டைக்கு வெளியே, கடீசர் ஏரிக்கரையில் இருக்கிறது. நகரின் ஊருணி அது. 14ஆம் நூற்றாண்டில் மகாராவல் கட்சி சிங் விரித்துக் கட்டினார். இருபதாம் நூற்றாண்டு பாதி தாண்டும் வரை ஊரே அங்கிருந்துதான் குடம் சுமந்தது. அதன் நுழைவாயிலைக் கட்டியவள் தீலோன் என்ற கணிகை என்றும், தாசி கட்டிய வாயிலின் கீழ் நாங்கள் நடப்பதா என்று அரண்மனை முறுக்கிக்கொண்டபோது உச்சியில் கிருஷ்ணனுக்கு ஒரு சன்னதி எழுப்பி அதை யாரும் இடிக்க முடியாமல் செய்தாள் என்றும் சொல்வார்கள்.

அந்த ஏரியை ஒட்டி நந்த கிஷோர் சர்மா என்ற பள்ளி ஆசிரியர் தம் சொந்த முயற்சியில் உருவாக்கிய நாட்டுப்புற அருங்காட்சியகம் உண்டு. அரசோ பெருஞ்செல்வரோ தொடங்கியதன்று, ஓர் ஆசிரியரின் ஆசை. ஒட்டகச் சேணம், அபின் கரைக்கும் மரப்பெட்டி, பொம்மலாட்டப் பதுமைகள், மண்குடங்கள், பழைய தாள்கள் என்று நெருக்கியடித்துக் கிடக்கும். விளக்கு மங்கல், விவரச் சீட்டுகள் குறைவு. இப்படிப்பட்ட சிறிய இடங்களில் சீட்டைப் படித்துக்கொண்டு நகர்ந்தால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அங்கே உட்கார்ந்திருப்பவரிடம் ‘இது எதற்கு?’ என்று கேட்டால் ஒரு மணி நேரம் போதாது.

கேட்டால் மூன்று தண்ணீரைப் பற்றிச் சொல்வார்கள். வானிலிருந்து நேரே வந்து ஏரியிலும் தாங்கா எனும் மூடிய நிலத்தொட்டியிலும் நிற்பது பாலர் பானி. ஆழ்கிணற்றில் கிடைப்பது பாதாள் பானி, பெரும்பாலும் உப்பு. இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது ஒன்று: ரேஜானி பானி. சில இடங்களில் மணலுக்கு அடியே ஜிப்சம் அடுக்கு ஓடுகிறது. பெய்த மழை அதைத் தாண்டி உப்புநீரில் கலக்க முடியாமல், மணலுக்குள் ஈரமாகத் தங்கிவிடும். அந்த ஈரத்தைச் சொட்டுச் சொட்டாக வாங்க ஆள் ஒருவர் குந்தி உட்காரும் அகலத்தில் ஒரு குழி இறக்குவார்கள். குயீன் என்று பெயர். கீழே போகப் போகக் காற்று கனத்து அனல் ஏறும். மேலே நிற்பவர்கள் அவ்வப்போது ஒரு கைப்பிடி மணலை வேகமாக உள்ளே எறிவார்கள். மணலோடு புதுக்காற்று கீழே இறங்கும், அனல் மேலே வரும். எறிந்த மணல் தலையில் படாமலிருக்கத் தோண்டுபவர் தலையில் உலோகக் கவசம். சுவர் சரியாமலிருக்கப் புல் கயிற்றைச் சுருள் சுருளாகச் சுற்றிக்கொண்டே இறங்குவார். இத்தனைக்கும் பிறகு ஊறுவது நாளொன்றுக்கு இரண்டு மூன்று குடம்.

இப்போது கோட்டைக்குள் ஏறலாம். 2013இல் ராஜஸ்தானின் மற்ற ஐந்து மலைக்கோட்டைகளோடு சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. 99 கொத்தளங்கள். சுண்ணாம்புச் சாந்து இல்லாமல் கல்லோடு கல்லைப் பொருத்தி எழுப்பிய மஞ்சள் மதில். உள்ளே இன்றும் ஆயிரக்கணக்கானோர் குடியிருக்கிறார்கள். துணி உலர்கிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓடுகிறார்கள். தெருக்கள் ஏன் இத்தனை குறுகல் என்று நடுப்பகலில் நடந்தால் புரியும்: இரு பக்கத்து வீடுகளும் ஒன்றன்மேல் ஒன்று நிழல் போட்டுக்கொள்கின்றன. மாடச் சன்னல்களின் கல் பின்னல், அழகு ஒருபுறம் இருக்க, அனல்காற்றைச் சிறு துளைகளில் பிழிந்து உள்ளே அனுப்பும் வடிகட்டி.

பழைய கோட்டை தண்ணீருக்குப் பயந்து கட்டப்பட்டது. மழை நீர் தேங்காமல் ஓடிவிட கூட் நாலி என்ற கல் வடிகால்களை எல்லாத் திசையிலும் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு ஒரு குடம், இரண்டு குடம் சுமந்து வாழ்ந்த காலத்தில் கழிவென்று பெரிதாக ஒன்றும் இல்லை. பிறகு குழாய் வந்தது. பாலைவனத்துக்குக் கால்வாயும் வந்தது. சுற்றுலா வளர்ந்தது, வீடுகள் விடுதிகளாயின, அறைக்கு அறை குளியல் வசதி. வடிகால் மட்டும் பழையபடி. கசிந்த நீர் எல்லாம் குன்றுக்குள் இறங்கியது. அந்தக் குன்றோ மணற்கல்லும் களிமண்ணும் கலந்தது. நனைந்தால் உப்பும், நெகிழும். எண்ணூறு ஆண்டுப் பகையையும் வெயிலையும் தாங்கிய கொத்தளங்கள் கால் வழுக்கி விழத் தொடங்கின. 1996இல் உலக நினைவுச்சின்ன நிதியம் ஆபத்திலுள்ளவற்றின் பட்டியலில் இதைச் சேர்த்தது. பல பகுதிகள் செப்பனிடப்பட்டன. ஆனாலும் 2024 ஆகஸ்ட் மழையில் மதிலின் ஒரு பகுதி மீண்டும் சரிந்தது. பாலைவனக் கோட்டை தண்ணீரால் அழிகிறது.

சரியும் அந்தக் குன்றின் வயிற்றில்தான் ஞான பண்டார் இருக்கிறது. கோட்டைக்குள் இருக்கும் சமணக் கோயில்களில் சம்பவநாதர் கோயிலின் நிலவறையில் 15ஆம் நூற்றாண்டில் அமைத்த சுவடிக் கருவூலம். 11, 12ஆம் நூற்றாண்டுகளில் எழுதிய ஓலைச்சுவடிகள் இன்றும் அங்கே எழுத்து மங்காமல் இருக்கின்றன. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் முனி புண்ணியவிஜயர் அவற்றை முறைப்படி ஆராய்ந்து அட்டவணைப்படுத்தினார். ஏடு கட்டிக் காத்த மரபில் வந்தவர்களுக்கு இது நெஞ்சைத் தொடும் இடம். அந்த ஓலை பாலைவனத்தில் விளைந்ததே இல்லை. தாளிப்பனை தெற்கத்தி ஈரநிலத்து மரம். வணிகர் வழியாக அங்கே போனது. நாம் எழுத்தாணியால் கீறி மை தடவினோம். அவர்கள் பேனாவால் மை தொட்டு எழுதினார்கள். நம் ஊர் ஈரத்திலும் செல்லிலும் இருநூறு முந்நூறு ஆண்டுக்கு மேல் ஓர் ஏடு நிற்பது அரிது. படியெடுத்துப் படியெடுத்துத்தான் நூல்கள் பிழைத்தன, படியெடுக்காதவை போயே போய்விட்டன. அங்கே ஓலைகளைக் காத்தது வறட்சி. அந்த வறட்சியைத்தான் குளியலறைக் குழாய்கள் இப்போது நனைக்கின்றன.

அதனால், ஜெய்சல்மேருக்குப் போகிறவர்களுக்குக் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது ஒன்று: கோட்டைக்கு வெளியே தங்குங்கள். உள்ளே தங்கினால் விடியற்காலை அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே திறக்கும் ஒவ்வொரு குழாயும் குன்றுக்குள் போகிறது. உள்ளே போய் ஒரு நாள் முழுக்க நடங்கள், சாப்பிடுங்கள், கடைக்காரர்களிடம் வாங்குங்கள். குளிப்பதைக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபரிலிருந்து மார்ச் வரை ஏற்ற காலம். மே மாதத்தில் 45 பாகைக்கு மேல் போகும் வெயிலில் எதையும் நின்று பார்க்க இயலாது.

நகரின் பட்வா மாளிகைகள், 1805 முதல் அரை நூற்றாண்டுக்குமேல் எழுந்த ஐந்து வீடுகள், சரிகை வணிகக் குடும்பம் ஒன்றின் செல்வத்தைக் காட்டுகின்றன. பம்பாய்த் துறைமுகம் வளர்ந்ததும் ஒட்டக வழி தேய்ந்தது. 1947இல் எல்லைக்கோடு விழுந்ததும் சிந்துவுக்குப் போன பாதை அடியோடு அடைபட்டது. ஊருக்குத் தெற்கே அகால் என்ற இடத்தில் 18 கோடி ஆண்டு பழைய கல்மரங்கள் வெட்டவெளியில் கிடக்கின்றன. காடாக இருந்த பாலைவனத்தின் எலும்புகள். நேரம் இருந்தால் இரண்டையும் பார்த்துவிடலாம்.

குல்தரா மட்டும் தவறக் கூடாது. ஜெய்சல்மேருக்கு மேற்கே 18 கிலோமீட்டர். பாலிவால் பிராமணர் வாழ்ந்து, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விட்டுப்போன ஊர். சாலிம் சிங் என்ற திவான் ஊர்த் தலைவரின் மகளைக் கேட்டான், 84 ஊர்களும் ஒரே இரவில் சாபமிட்டுவிட்டுக் கிளம்பின என்பது எல்லோரும் சொல்லும் கதை. பேய்க்கதை கேட்கவே வண்டி வண்டியாக மக்கள் வருகிறார்கள். கிணறுகள் வற்றியதும் வரி தாங்க முடியாமல் போனதும், நிலநடுக்கமும்கூட ஊரைக் காலி செய்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். பேயைத் தேடி வருகிறவர்கள், அந்த மனிதர்கள் உயிரோடு விட்டுப்போன ஒன்றைத் தாண்டித்தான் வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறார்கள்.

அதன் பெயர் கதீன். விளைநிலத்தைப்போலப் பத்து மடங்கு பரப்புள்ள பாறைமேட்டிலிருந்து ஓடிவரும் மழைநீரைப் பள்ளத்தில் நீண்ட மண்கரை போட்டு மறிப்பார்கள். மிகுந்தால் வழிந்துபோக ஓரத்தில் கலிங்கு. கண்மாய் மாதிரியே தோன்றும். ஆனால் கரைக்கு வெளியே பாய்ச்சல் இல்லை. நீர் வற்றி மண்ணுக்குள் இறங்கியதும் அந்த நீர்ப்பிடிப்பின் வயிற்றிலேயே ஏர் பூட்டி விதைப்பார்கள். அடியில் தங்கிய ஈரம் ஒரு வெள்ளாமைக்குப் போதும். பாலிவால்கள் போய் இருநூறு ஆண்டு ஆகிறது. அவர்கள் போட்ட கரைகள் பலவற்றை இன்று வேறு ஆட்கள் மண் அணைத்துக் காக்கிறார்கள். டிசம்பரில் போனால், கூரையில்லாத வீடுகளை விட்டு வெளியே வந்து சாலையில் சற்றுத் தூரம் போனதும், மஞ்சள் பாறைக்கு நடுவே ஓர் இடத்தில் மட்டும் கோதுமையும் கொண்டைக்கடலையும் பச்சையாக நிற்கும்.